அளவும் ஆணையும்

செல்வச் செழிப்புக்குப் பேர்போன ஜூரிக் மாநகரத்தில், பிரதான ரயில் நிலையத்தை அடுத்து, ஸ்விட்ஸர்லாந்தின் தேசியப் பொருட்காட்சிசாலைக்குப் பின்புறம், லிம்மத், சீல் என்னும் இரு நதிகளும் சங்கமிக்கும் கூர்முனையில், நெடிய மரங்கள் நிழல் பரப்பும் பிளாட்ஸ்பிட்ஸ் என்ற பழைய பூங்கா ஒன்று இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில், காவல்துறையினரால் தெருத்தெருவாக விரட்டப்பட்ட ஹெராயின் அடிமைகள் கடைசியில் இந்தப் பூங்காவில் வந்து ஒதுங்கினார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தை இனி எங்கே விரட்டுவது என்று அறியாத அதிகாரிகள் கண்டும் காணாதவர்களாக இருந்துவிட, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் பட்டப்பகலில் அங்கே கூடி, பொடியை வாங்கி, புல்தரையில் உட்கார்ந்து, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய ஊசியால் அதை ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்ட காட்சியை உலகமே பார்த்துத் திகைத்தது. எய்ட்ஸ் நோய் ஐரோப்பாவில் காலூன்றிய காலம் அது. ஆயினும், பூங்காவில் கூட்டம் சேருமுன்பே, 1985இல் ஜூரிக் மாநிலத்தின் தலைமை மருத்துவ அதிகாரி, போதைக்கு அடிமையானவர்களுக்குப் புதிய ஊசிகளை வழங்கலாகாது என்று உத்தரவிட்டார். ஊசி கொடுப்பது போதைக்கு உடந்தையாவதாகும் என்பது அவர் கட்சி. மருத்துவர்கள் பலர் கையெழுத்திட்டு அதை எதிர்த்தனர். பின்னர் அந்தத் தடை தளர்ந்தபோது, அதே பூங்காவில் சுத்தமான ஊசி வழங்கவும், மூச்சு நின்று சாய்ந்தவர்களுக்கு உயிர் மீட்பு செய்யவும் மருத்துவர்களும் தாதிகளும் நாள்தோறும் முனைந்து நின்றார்கள். 1992 பிப்ரவரியில் பூங்காவை இழுத்து மூடியதும், கூட்டம் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்துக்குக் குடிபெயர்ந்து, 1995 பிப்ரவரி வரை அங்கே நீடித்தது. ஏரிக்கரையில் ஓர் உடைப்பை மண் போட்டு அடைக்கும்போதே நீர் வேறோர் இடத்தில் கரையை அரித்துக்கொண்டு வெளியேறுவதைக் கண்ட உழவனுக்கு இதில் வியப்பு ஏதும் இராது.

போதைப் பொருள்களைத் தடைசெய்வதா, சட்ட சம்மதம் அளித்து விற்பதா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. தடை வேண்டுமென்போர் அப்பொருளை விஷம் என்கிறார்கள். தடை நீங்க வேண்டுமென்போர், அது அவரவர் சரீரம், அவரவர் சுதந்திரம் என்கிறார்கள். இரு தரப்பாரும் பேசும்போது அபினிக்கோ ஹெராயினுக்கோ என்றும் மாறாத ஒரு சுபாவம் இருப்பதாகவும், சட்டம் அதற்கு வெளியே நின்று கதவைத் திறப்பதோ அடைப்பதோ மட்டுமே செய்வதாகவும் அனுமானித்துக்கொள்கிறார்கள். விஞ்ஞானம் இந்த அனுமானத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு பொருள் மனிதனுக்குச் செய்யும் தீங்கு, அதன் அளவு, அதன் செறிவு, அது உடலுக்குள் புகும் வழி, புகும் வேகம், உட்கொள்பவனின் பழக்கம், அவன் இருக்கும் சூழ்நிலை ஆகிய இத்தனையையும் பொறுத்தது; இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தீர்மானிப்பது சட்டமும் சந்தையும்தான். ஆகவே, தடையா சம்மதமா என்று கேட்பதற்கு முன்னால், அளவை நிர்ணயிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே என் துணிபு.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் காற்றில் உலர்ந்து அபினியாகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அடங்கியிருக்கும் மார்ஃபினை, ஸெர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர், மருந்துக் கடையில் உதவியாளராக இருந்தபடியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். தாவரத்திலிருந்து அதன் வீரியத்தை மட்டும் தனியே பிரித்து, நிறுத்து, அளந்து கொடுக்க முடியும் என்பது அன்றுதான் முதன்முதலாகப் பிரத்தியட்சமாயிற்று. இந்த மார்ஃபின் மூலக்கூறோடு இரண்டு அஸிட்டைல் தொகுதிகளை இணைத்தால் ஹெராயின் கிடைக்கிறது. 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்னும் ரசாயனி இதைச் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட, 1898இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இதையே இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த இரண்டு தொகுதிகளின் பயன், மூலக்கூறு கொழுப்பில் எளிதாகக் கரைவதே. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இயற்கை எழுப்பியிருக்கும் தடுப்பை அது மார்ஃபினைக் காட்டிலும் விரைவாகக் கடக்கிறது. கடந்தபின் இணைப்புகள் கழன்று பெரும்பாலும் மார்ஃபினாகவே மாறிவிடுகிறது. போய்ச் சேருமிடமும் செய்யும் காரியமும் ஏறக்குறைய ஒன்றே, வேகம்தான் வேறு. அந்த வேகமே ஒன்றை வலி நிவாரணியாகவும் மற்றொன்றைக் குடும்பங்களின் சர்வநாசமாகவும் உலகுக்கு அறிமுகப்படுத்திற்று.

மூளை அணுக்களின் மேற்பரப்பில் இம்மூலக்கூறுகள் சென்று பொருந்தும் ஏற்பிகள் இருப்பதை 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், ஸாலமன் ஸ்னைடர் ஆகியோர் நிரூபித்துக் காட்டினர். கசகசாச் செடிக்கென்று மனித மூளையில் இயற்கை இடம் ஒதுக்கியிராது அல்லவா? உடல் தானே சுரக்கும் ஏதோ ஒரு பொருளுக்காகவே அந்த ஏற்பிகள் இருக்க வேண்டும் என்ற ஊகத்தை, இரண்டே ஆண்டுகளில், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் உண்மையாக்கினார்கள். காயத்திலும் பிரசவத்திலும் உடல் தன் வேதனையைத் தானே தணித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அபினி அபகரித்துக்கொள்கிறது. இதே ஏற்பிகள் மூளைத்தண்டில், சுவாசத்தின் தாளத்தை நடத்தும் அணுக்களிலும் இருக்கின்றன. ரத்தத்தில் கரியமிலவாயு மிகும்போது மூச்சை விரைவுபடுத்த வேண்டிய அந்த அணுக்கள், அபினியின் ஆதிக்கத்தில் அசட்டையாகிவிடுகின்றன. ஹெராயினால் இறப்பவன் வலியால் துடித்து இறப்பதில்லை. மூச்சு விட மறந்து இறக்கிறான்.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும் விதத்தில்தான் பெரும் அபாயம் ஒளிந்திருக்கிறது. நாட்பட நாட்பட, முதல் நாள் கொன்றிருக்கக்கூடிய அளவு சாதாரணமாகிவிடுகிறது. ஆனால் பழக்கத்தை நிறுத்திய சில வாரங்களில் அந்தத் தாங்குதிறன் கரைந்துபோகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானோரைப் பற்றி 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் மருந்து மிகையால் இறக்கும் வாய்ப்பு, மற்ற ஜனங்களைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேற்பட்டிருந்ததைக் காட்டியது. திருத்துவதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவன், திருந்தாமலும், தாங்கும் சக்தியை மட்டும் இழந்தும் வெளியே வருகிறான் என்பதைச் சட்டம் இயற்றுவோர் சிந்திக்க வேண்டும். இதனினும் விசித்திரமானது, கனடாவில் ஷெப்பர்ட் ஸீகல் 1982இல் வெளியிட்ட பரிசோதனை. நாளுக்கு நாள் அளவைக் கூட்டி ஹெராயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்கு ஒருநாள் மிகப் பெரிய அளவு செலுத்தப்பட்டது. பழக்கமே இல்லாத எலிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இறந்தன. பழக்கப்பட்டவற்றில், வழக்கமான அறையில் மருந்து பெற்றவை நூற்றுக்கு முப்பத்திரண்டே இறக்க, புதிய அறையில் பெற்றவை அறுபத்துநான்கு இறந்தன. பழகிய இடத்தின் அடையாளங்களைக் கண்டதுமே உடல் முன்கூட்டித் தற்காப்பு செய்துகொள்கிறது. இடம் மாறினால் அந்தக் காப்பு வருவதில்லை. அடிமைப்பட்டவனைச் சந்து விட்டுச் சந்து துரத்தும் காவல்துறை, தன்னை அறியாமலே, இந்தப் பரிசோதனையின் இரண்டாம் அறையை நகரம் நெடுகச் சிருஷ்டித்துக்கொண்டே போகிறது.

தடை, பொருளின் செறிவையும் மாற்றுகிறது. கள்ளத்தனமாகக் கடத்துகிறவனுக்கு, கனமும் வாசனையும் சத்துருக்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்குக் காலத்தில் பீர் அருகி, அதே அளவு போதையைச் சிறு புட்டியில் அடக்கும் சாராய வகைகள் பெருகின. ஆசியாவில் நடந்தது இதைவிடத் துலக்கமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஹாங்காங்கும், 1959இல் தாய்லாந்தும் அபினி புகைப்பதைத் தடைசெய்தன. அபினியின் புகை தெருக்கோடி வரை மணந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதன் கட்டியை மறைப்பதும் கடினம். ஹெராயினுக்கு வாசனையும் இல்லை, பருமனும் இல்லை. கிழவர்கள் புகைத்த அபினியின் இடத்தில், சில ஆண்டுகளுக்குள், இளைஞர்கள் ஊசியில் ஏற்றும் ஹெராயின் வந்து அமர்ந்தது. அமெரிக்க மனோதத்துவ மருத்துவர் ஜோஸஃப் வெஸ்டர்மேயர், இந்நாடுகளோடு லாவோஸையும் சேர்த்து ஆராய்ந்து, அபினித் தடைச் சட்டங்களே ஹெராயினுக்கு வழி அமைத்தன என்று 1976இல் எழுதினார். பெல்ஜியத்தில் பால் ஜான்ஸன் 1960இல் அறுவை மருத்துவத்துக்காகச் சிருஷ்டித்த ஃபென்டனில், ஹெராயினைப் போல் ஏறக்குறைய ஐம்பது மடங்கு வீரியமுடையது. அதற்குக் கசகசாத் தோட்டமும் வேண்டாம், மழையும் வேண்டாம், ஒரு தபால் உறையில் ஓர் ஊருக்கு வேண்டியதை அனுப்பிவிடலாம். இன்று அமெரிக்கத் தெருக்களில் ஹெராயினைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது இதுதான். அங்கே மருந்து மிகையால் இறந்தோர் தொகை 2021ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. பொடியில் இது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்குமே பெரும்பாலும் தெரியாது.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், அப்படியானால் கடையில் வைத்து விற்றுவிடலாமே என்று முடிவு கட்டினால் அதையும் நான் ஒப்பமாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் அது நடந்தது. பல் முளைக்கும் குழந்தைகளின் அழுகையை அடக்க, மார்ஃபின் கலந்த பாகு மளிகைக் கடைகளில் விற்கப்பட்டது. புட்டியில் என்ன இருக்கிறதென்று தாய்மாருக்குத் தெரியாது. 1906இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், எதையும் தடைசெய்யாமல், இத்தகைய பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று புட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று மட்டும் விதித்தது. அம்மருந்துகளின் விற்பனை அதிலேயே சரியத் தொடங்கிற்று. அதே தேசத்தில், 1996இல், பர்டியூ என்னும் மருந்துக் கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைப் பூரண சட்ட சம்மதத்தோடு விற்கத் தொடங்கி, அடிமையாக்கும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களுக்குப் போதித்து, கூடுதல் அளவு எழுதித் தருமாறு அவர்களைத் தூண்டியது. 2007இலும் 2020இலும் அது நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குள் ஊர் ஊராகக் குடும்பங்கள் அழிந்துவிட்டன. கடத்தல்காரனுக்கும் மருந்துக் கம்பெனிக்கும் அளவு கூடக் கூட ஆதாயம். அளவு குறைந்தால் நஷ்டம். அளக்கும் கோலை இவ்விருவரில் எவர் கையில் கொடுத்தாலும் பலன் ஒன்றே. நோயாளி பிழைப்பதையன்றி வேறு ஆதாயம் இல்லாத ஒருவரின் கையில் அது இருக்க வேண்டும்.

பிரிட்டனில் ரோல்ஸ்டன் தலைமையில் அமைந்த மருத்துவக் குழு, எவ்வளவு முயன்றும் விடமுடியாதவர்களுக்கு மருத்துவரே மார்ஃபினோ ஹெராயினோ அளந்து கொடுக்கலாம் என்று 1926இலேயே சிபாரிசு செய்தது. அந்தப் பழைய யோசனையை முறையான பரிசோதனையாக்கியது ஸ்விட்ஸர்லாந்து. 1994 ஜனவரியில், உள்நாட்டு மந்திரியாக ரூத் டிரைஃபஸ் இருந்த காலத்தில், ஆம்ப்ரோஸ் உக்டென்ஹாகன் என்ற மருத்துவரின் மேற்பார்வையில் அது தொடங்கிற்று. இருபது வயது நிரம்பி, நெடுங்காலம் அடிமைப்பட்டு, வேறு சிகிச்சைகளில் தோற்றவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். அவர்கள் நாளுக்கு இரண்டு மூன்று முறை சிகிச்சை நிலையத்துக்கு வந்து, நிறுத்து அளந்த சுத்தமான ஹெராயினை, புதிய ஊசியில், தாதியின் கண்முன்னே செலுத்திக்கொண்டு போவார்கள். ஒரு துளியும் வெளியே போகாது. அதே அறை, அதே அளவு, அதே நேரம். ஸீகலின் எலிகளுக்குக் காப்பாக இருந்த சூழ்நிலை இங்கே மனிதனுக்கு வாய்த்தது.

முதல் ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 1997இல் வெளிவந்தது. நிலையத்தில் கொடுத்த மருந்தின் மிகையால் ஒருவரும் இறக்கவில்லை. திருட்டாலும் பிற சட்டவிரோத வழிகளாலும் வருமானம் தேடியவர்கள் நூற்றுக்கு அறுபத்தொன்பதிலிருந்து பத்தாகக் குறைந்தனர்; வீடற்றவர்கள் பன்னிரண்டிலிருந்து ஒன்றாயினர்; நிரந்தர வேலையில் இருந்தவர்கள் பதினான்கிலிருந்து முப்பத்திரண்டாக உயர்ந்தனர். நல்லது நடந்தது நிச்சயம். ஆனால் அதை நடத்தியது ஹெராயினா, அதனோடு கிடைத்த மருத்துவ உதவியும் சமூக ஆதரவுமா என்பது இந்த முறையில் தெரியவராது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபணை நியாயமானது. அதற்கு விடையாக நெதர்லாந்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரு குழுக்களில் ஒன்றுக்கு, ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கப்படும் மெத்தடோன் என்ற மருந்து மட்டும், மற்றொன்றுக்கு அதனோடு ஹெராயினும் கொடுத்து ஒப்பிட்டு, ஹெராயின் பெற்றவர்களே கூடுதலாகத் தேறியதை 2003இல் வெளியிட்டது. அந்த ஆய்வில் கசப்பான ஓர் உண்மையும் உண்டு: மருந்தை நிறுத்தியதும், தேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டே மாதங்களில் பழைய நிலைக்குச் சரிந்தார்கள். ஆக, இது நோயை நீக்கும் சிகிச்சை அன்று. சர்க்கரை வியாதிக்காரனுக்கு இன்ஸுலின் செய்வதற்கு ஒப்பாக, நோயோடு உயிர்வாழ வைக்கும் சிகிச்சை.

அரசாங்கமே ஹெராயின் கொடுத்தால் வாலிபர்கள் அதன்பால் இழுக்கப்படுவார்கள் என்று அஞ்சியவர்கள் பலர். அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் அதற்கும் பிரமாணம் கிடைத்திருக்கிறது. ஜூரிக் மாநிலத்தில் புதிதாக ஹெராயின் பழக்கத்தில் விழுந்தோர், 1990இல் சுமார் எண்ணூற்றைம்பது பேராக இருந்து, 2002இல் நூற்றைம்பதாகக் குறைந்ததை நார்ட், ஸ்டோலர் என்போர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினர். கலகக்காரனின் சாதனமாகத் தோன்றிய பொருள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்கும் மருந்தாக மாறியதும் இளைஞரிடையே அதன் கவர்ச்சி மங்கிற்று என்று அவர்கள் கருதினார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. தண்டனையைத் தளர்த்திய வேறு இடங்களையும் பார்க்கலாம். போர்ச்சுகல் 2001 ஜூலையிலிருந்து, பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாத போதைப் பொருளை வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, பிடிபட்டவரை மூவர் கொண்ட சபையின் முன் நிறுத்திச் சிகிச்சைக்குத் திருப்பிவிட்டது. ஊசியால் பரவும் எய்ட்ஸ் அங்கே வெகுவாகத் தணிந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2021இல் தண்டனையை மட்டும் நீக்கி, சிகிச்சை நிலையங்களுக்கான பணத்தைத் தாமதமாக அனுப்பி, அதே சமயம் ஃபென்டனில் வெள்ளமும் வந்து சேர, 2024இல் பழைய சட்டத்துக்கே திரும்பிற்று. தண்டனை போன இடத்தில் அளவை நிறுக்க ஒருவரும் வந்து நிற்காததே ஆரிகனின் துன்பம்.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு துயர அத்தியாயம் உண்டு. சர்க்காரின் உரிமத்தோடு அபினி விளைவிக்கும் நாடுகளில் இந்தியா முதன்மையானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் விளைந்து, நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள சர்க்கார் ஆலைகளில் பதமாகும் அபினி அந்நிய நாடுகளின் மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியாகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம், மார்ஃபின் மாத்திரையைப் பெறவும் வைத்திருக்கவும் அடுக்கடுக்கான உரிமங்களை விதித்து, எழுத்துப் பிழைக்கும் சிறைத் தண்டனையின் பயத்தை ஏற்படுத்திவிட்டதால், ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் அதை வைப்பதையே கைவிட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் தேசத்தின் மார்ஃபின் உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துபோயிற்று. புற்றுநோய் எலும்புக்குப் பரவி இரவெல்லாம் அலறும் நோயாளிக்கு, தன் சொந்த தேசத்து வயலில் விளைந்த மருந்து கிடைக்கவில்லை. கேரளத்து மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவரைச் சேர்ந்தோரும் பல்லாண்டு போராடி, 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தச் செய்தார்கள். திருத்தம் வந்தும், இன்னும் எத்தனையோ ஜில்லாக்களில் மார்ஃபின் எழுதித் தரப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இல்லை. போதையைத் தடுக்க எழுந்த சட்டம் நிவாரணத்தைத் தடுத்துவிட்ட இந்த அநீதி என் மனத்தை மற்ற எதையும்விட அதிகமாக வருத்துகிறது.

ஸ்விட்ஸர்லாந்தின் ஜனங்கள் இவ்விஷயத்தை நேரடி வாக்கெடுப்பில் பல தடவை தீர்மானித்திருக்கிறார்கள். 1997இல், முழுத் தடையையும் போதையிலிருந்து முழு விலகலையும் வற்புறுத்திய பிரேரணையைச் சுமார் எழுபது சதவிகிதத்தினர் நிராகரித்தனர். மறு வருஷமே, எல்லாவற்றையும் சட்டபூர்வமாக்கக் கோரிய பிரேரணையை எழுபத்துநான்கு சதவிகிதத்தினர் நிராகரித்தனர். 2008 நவம்பரில், ஹெராயின் சிகிச்சையை நிரந்தரச் சட்டமாக்க அறுபத்தெட்டு சதவிகிதத்தினர் சம்மதித்தனர். அதே நாளில், அதே பெட்டியில், கஞ்சாவுக்குச் சட்ட சம்மதம் கேட்ட பிரேரணையைத் தோற்கடித்தார்கள். எந்தக் கட்சியின் கோஷத்துக்கும் முழுதாக இணங்காத இந்தத் தீர்ப்பில், பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவைக் கண்ணால் கண்டவர்களின் நிதானம் தெரிகிறது.

அந்த நிலையங்களில் இப்போது ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டோர் மருந்து பெறுகிறார்கள். பெரும்பாலோர் ஐம்பதை நெருங்கியவர்கள், அல்லது கடந்தவர்கள். ஊசி ஏற்றி ஏற்றி ரத்தக்குழாய்கள் தூர்ந்துபோனவர்களுக்கு ஹெராயினையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். ஈரல் நோய்க்கும் சுவாசகோச நோய்க்கும் அங்கேயே வைத்தியம் நடக்கிறது. ஆனால் அண்மை ஆண்டுகளில் அதே ஜூரிக்கிலும் ஜெனீவாவிலும் புகைத்து இழுக்கும் கோக்கேயின் பரவத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இந்த வழி உதவாது. ஹெராயின் அடிமைக்கு அளந்து கொடுத்தால் பல மணி நேரம் அமைதியுறுகிறான். கோக்கேயினோ, டோபமைன் என்னும் நரம்பு ரசாயனத்தை அணுக்கள் திரும்ப உறிஞ்ச விடாமல் தடுத்து, சில நிமிஷங்களில் உச்சமேறி, சில நிமிஷங்களில் வடிந்து, உடனே இன்னொன்றைக் கேட்கிறது. போதும் என்ற எல்லை அதற்கு இல்லை. மெத்தடோனைப் போல் அதன் இடத்தில் நிறுத்தக்கூடிய மாற்று மருந்தையும் ரசாயன விஞ்ஞானம் இதுவரை கண்டுபிடித்துத் தரவில்லை. பெர்ன் நகரத்தின் சபை, கோக்கேயினைக் கட்டுப்பாட்டோடு விற்றுப் பரிசோதிக்கலாமா என்று 2023இல் யோசிக்கத் தொடங்கியது. எவ்வளவு, எத்தனை முறை, யாருக்கு என்ற முதல் வினாவிலேயே அங்குள்ள மருத்துவர்களின் அபிப்பிராயம் இன்னும் ஒன்றுபடவில்லை.